தனி ஆள் டென்ட் வாங்கப் போகும் தம்பிமாருக்கு



"சேர், ஒரு ஆள் படுக்கிற டென்ட் வாங்கணும். பாரமும் குறைவா, விலையும் குறைவா எது நல்லம்?" பழைய மாணவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. மாத்தளைப் பக்கத்தில் இருக்கும் நமக்கு நக்கிள்ஸ் மலை கைக்கெட்டும் தூரம். லீவு கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு போக ஆசை வருவது இயல்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட என் கருத்தை இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எல்லோரும் முதலில் பாரத்தைப் பார்க்கிறார்கள், அடுத்தது விலையை. மழையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நம்முடைய மலைகளுக்கு இந்த வரிசை சரிவராது. முதலில் மழை, பிறகு விலை, அதற்குப் பிறகுதான் பாரம்.

காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றிலும் வடகீழ்ப் பருவக்காற்றிலும் நக்கிள்ஸில் மழை உண்டு. மழை இல்லாத நாளிலும் மூடுபனி. ஆயிரம் மீற்றர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. நனைந்த உடுப்போடு காற்றில் இரவைக் கழிக்கும் ஒருவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்கு ஐரோப்பாக் குளிர் தேவையில்லை, 12 பாகையே போதும். 300 கிராம் கூடுதலாகச் சுமந்ததால் யாரும் சாகமாட்டார்கள். நடுச்சாமத்தில் ஒழுகும் டென்ட் அப்படியல்ல.

சந்தையில் ஆக மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றைத் துணி டென்ட்கள், அல்லது உச்சியில் மட்டும் ஒரு சிறு தொப்பி மாதிரி மழைத்துணி போட்டவை. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாட அவை நல்லம். மலைக்கு வேண்டாம். ஒற்றைத் துணி என்றால் மழையே இல்லாவிட்டாலும் நீங்கள் விடும் மூச்சு உள்பக்கம் நீராகப் படிந்து விடிவதற்குள் படுக்கையை நனைத்துவிடும். ஈரக்காற்று நிறைந்த நமது மலைகளில் இது இன்னும் மோசம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். உள்ளே வலை, வெளியே நிலத்துக்குக் கிட்ட வரை இறங்கும் மழைத்துணி.

2. தரைத்துணி வலையோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஓரம் ஒரு சாண் அளவுக்காவது மேலே ஏறியிருக்க வேண்டும். மழைத்தண்ணீரும் உள்ளே வராது, அட்டையும் வராது. தரையில்லாத வெறும் தார்ப்பாய் வகை பாரம் குறைவுதான். அட்டைக் காட்டில் அதில் படுப்பவரின் நிலையை நான் சொல்லத் தேவையில்லை.

3. துணியின் நீர் தாங்கும் அளவை மில்லிமீற்றரில் எழுதியிருப்பார்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதுதான் அந்த இலக்கம். மழைத்துணிக்கு 1,500க்குக் குறைய வேண்டாம். உடம்பின் பாரம் அழுத்தும் தரைக்கு 3,000 இருந்தால் நிம்மதி. எந்த இலக்கமும் போடாத டென்ட்டை வாங்காதீர்கள்.

4. கம்பி அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் கம்பி பாரமும் கூட, பலத்த காற்றில் பிளக்கவும் செய்யும்.

5. உள் நீளத்தைப் பாருங்கள். ஆறடிக்குக் கிட்ட உயரமானவருக்கு 2 மீற்றருக்கு மேல் வேண்டும். இல்லாவிட்டால் கால் துணியில் முட்டி நனையும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: நேச்சர்ஹைக் கம்பனியின் கிளவுட் அப் 1 ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. சொந்தக் கம்பியில் நிற்கும், கால்மாட்டுக்கு மட்டும் முளை அடிக்க வேண்டும். லான்ஷான் 1 ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால் ஊன்றுகோலை நட்டு, சுற்றிவர முளையடித்து இழுத்தால்தான் அது நிற்கும். தையல்களிலும் நீங்களே பசை பூச வேண்டும். பிட்டவல பத்தனைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், மண் மெல்லியது, கீழே பாறை. அப்படியான இடத்தில் முளை இறங்காது. அதனால் முதல் டென்ட் வாங்குபவருக்கு முன்னையதையே சொல்வேன். இரண்டிலும் எழுந்து நிற்க முடியாது. தொழுகைக்கு வெளியே விரிக்க ஒரு சிறு தார்ப்பாய் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் முதலில் வீட்டு முற்றத்தில் அடித்து, அரை மணி நேரம் குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழே பொலித்தீன் விரிப்பதென்றால் டென்ட்டின் அடியை விடச் சிறிதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து உங்களுக்குக் கீழேயே கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். பழைய டென்ட் வாங்குபவர்கள் முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் வேண்டாம்.

இனி விலை. டொலர் 200 ரூபாவாக இருந்த காலம் போய்விட்டது. வரியும் சேர்ந்தால் நல்ல டென்ட் ஒரு இளைஞனின் சம்பளத்தில் பெரிய பங்கு. வருடத்துக்கு ஒன்றிரண்டு இரவுக்காக அதை வாங்குவது வீண்விரயம் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக மிக மலிவானதை வாங்குவதும் வீண்விரயம்தான், கூடவே ஆபத்தும். என் ஆலோசனை, முதல் இரண்டு மூன்று தடவை வாடகைக்கு எடுங்கள். கண்டியிலும் கொழும்பிலும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கம் தொடர்ந்தால் வாங்குங்கள்.

இதைவிட நல்ல வழியும் உண்டு. நமது ஊர் விளையாட்டுக் கழகமோ பழைய மாணவர் சங்கமோ நான்கு நல்ல டென்ட்களை வாங்கி வைத்தால் என்ன? கிரிக்கெட் மட்டைக்கும் ஜேர்சிக்கும் காசு சேர்க்கிறோம். இதற்கும் சேர்க்கலாம். சிறு தொகைக்கு இரவல் கொடுத்தால் பழுதுபார்க்கும் செலவு வந்துவிடும். யார் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று ஒரு கொப்பியில் பதிவாகும். பிள்ளையை அனுப்பப் பயப்படும் உம்மாவுக்கும் அது ஒரு ஆறுதல்.

கடைசியாக ஒன்று. தனி ஆள் டென்ட் என்றால் தனியாகப் போங்கள் என்று அர்த்தமல்ல. இரவில் தனியே பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹுல் புஹாரியில் இருக்கிறது. மூன்று பேராவது சேர்ந்து போங்கள், ஆளுக்கொரு டென்ட் இருக்கட்டும். நக்கிள்ஸில் இரவு தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி எடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் எவ்வளவு நல்ல டென்ட் இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள். மலை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

வீட்டில் சும்மா கிடக்கும் டென்ட் யாரிடமாவது இருந்தால் கொமெண்டில் சொல்லுங்கள். அந்த நான்கில் முதலாவது அதுவாக இருக்கட்டும்.