வாள்வீச்சு சொல்லிக்கொடுத்த இன்ஜினியரிங் வாத்தியார்



விளையாட்டு விழாச் சிறப்பிதழுக்கு "வாள்வீச்சு" பற்றி அரைப்பக்கம் எழுதிக் கொடு என்று தமிழ் ஐயா சொன்னார். சரி, சுலபமான வேலைதானே என்று உட்கார்ந்தேன். சென்னைப் பவானி தேவி, டோக்கியோ ஒலிம்பிக், 2021-ல் முதல் ஆட்டத்தில் 15-3 என்று ஜெயிச்சது, ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் அவங்கதான் என்பது... இதெல்லாம் நம்ம எல்லாருக்கும் தெரியும். வாள்வீச்சுக் கோச்சுகளைப் பற்றியும் ரெண்டு வரி சேர்க்கலாமே என்று தேடியபோது ஒருத்தர் கண்ணில் பட்டார். அரைப்பக்கக் கட்டுரை அங்கேயே நின்னுபோச்சு. இது வேறு கட்டுரை.

அவர் பெயர் மைக் டிசிக்கோ. 1927-ல் பிறந்தவர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் நோட்டர் டேம் என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே படிக்கும்போதே வாள்வீச்சு வீரர். 1949-ல் பட்டம் வாங்கினார். பிறகு அதே இடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர் ஆனார். 1962 முதல் 1995 வரை அங்கே வாள்வீச்சுப் பயிற்சியாளரும் அவரே! காலையில் கரும்பலகை, சாயங்காலம் வாள். அவருக்கு முன்னால் கோச்சாக இருந்த வால்டர் லாங்ஃபோர்டும் வகுப்பில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவர்தானாம். ஆக அந்த ஊரில் "பாடம் எடுக்கிறவர் வேற, விளையாட்டு எடுக்கிறவர் வேற" என்ற கோடு அப்போது இல்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாட்டி நம்ம பசங்க நம்ப மாட்டாங்க. ஆண்கள், பெண்கள் அணிகள் ரெண்டும் சேர்த்து 774 வெற்றி, 80 தோல்வி. 1975-லிருந்து 1980 வரைக்கும் ஆண்கள் அணி தொடர்ந்து 122 மோதல்களில் தோற்கவே இல்லை. தேசியப் பட்டம் ஐந்து: 1977, 1978, 1986-ல் ஆண்கள், 1987-ல் பெண்கள், 1994-ல் இருபாலரும் சேர்ந்த அணி. 2013-ல் தன் 85-வது வயதில் காலமானார்.

இதைவிட எனக்குப் பிடிச்சது கல்லூரி வாள்வீச்சின் கணக்குதான். ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள். ஃபாயிலில் உடம்பின் நடுப்பகுதியைத் தொட்டால்தான் புள்ளி. எப்பேயில் காலைத் தொட்டாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே எங்கும். ஒவ்வொரு வாளுக்கும் மூன்று பேர். எங்கள் பக்கம் மூன்று பேரும் உங்கள் பக்கம் மூன்று பேரோடும் ஆளுக்கு ஒரு தடவை மோதணும். ஒரு வாளுக்கு 9 ஆட்டம், மூன்றுக்கும் 27. அதில் 14 ஜெயிச்ச அணிக்குத்தான் வெற்றி. இப்போ யோசிச்சுப் பாருங்க... ஒரே ஒரு சூப்பர் வீரன் இருக்கான், யாராலும் அவனை ஜெயிக்க முடியாதுன்னு வெச்சுக்குவோம். அவனால் அணிக்குக் கிடைப்பது எத்தனை? வெறும் 3! மீதி 11 யார் கொண்டுவருவது? ஒன்பதாவதாக நிக்கிற ஆள் கொண்டுவரணும். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் நிறையப் பேர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் வாளையே முதல் தடவை கையில் பிடிச்சாங்க. அப்படிப்பட்ட ஆளைத் தேத்தி எடுக்கிறதுதான் கோச்சுக்கு வேலை.

இனிமேல்தான் விஷயமே இருக்கு. 1964-ல் அந்தப் பல்கலைக்கழக நிர்வாகம் டிசிக்கோவிடம் இன்னொரு பொறுப்பையும் கொடுத்தது. வாள்வீச்சுப் பசங்களுக்கு மட்டுமில்லை, கால்பந்து, கூடைப்பந்து என்று விளையாடுகிற அத்தனை மாணவர்களும் ஒழுங்காகப் படிக்கிறார்களா, பாஸ் ஆகிறார்களா, எங்கே சறுக்குகிறார்கள், யாருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கணும் என்று பார்ப்பது. நோட்டர் டேம் என்றாலே அங்கே கால்பந்துதான் (நம்ம கால்பந்து இல்லை, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கொள்வார்களே, அது!). அந்தக் கால்பந்து நட்சத்திரங்களின் மார்க்கைக் கவனிக்க ஒரு வாள்வீச்சுக் கோச்! ஏன் அவர்? அவருக்கு மைதானமும் தெரியும், இன்ஜினியரிங் பரீட்சைத்தாளும் தெரியும். "சார், பிராக்டிஸ் இருந்துச்சு, படிக்க முடியல" என்று அவரிடம் கதை விட முடியாது. "இவன் வெறும் விளையாட்டுப் பையன், படிப்பு ஏறாது" என்று எந்தப் பேராசிரியரும் அவரிடம் சொல்லிவிட முடியாது. அவரே பேராசிரியர் ஆச்சே!

இப்போ நம்ம பள்ளிக்கு வருவோம். ஆசிரியர்கள் தவறாக நினைக்கக் கூடாது.

ரிவிஷன் ஆரம்பித்தால் பி.டி. பீரியட் காணாமல் போய்விடுகிறது. இதைப் பற்றி இந்தச் சுவரில் வருஷா வருஷம் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் அதைக் கேட்க வரவில்லை. போர்ஷன் முடியாமல் கணக்கு மிஸ் படும் பாடு எனக்குத் தெரியும், அவங்க மேல் கோபமே இல்லை. நான் சொல்ல வருவது எங்கள் வகுப்புக் கபடிக்காரியைப் பற்றி.

ஜோனல், மாவட்டம் என்று அவள் போன டெர்மில் பதினோரு நாள் வகுப்பில் இல்லை. கோப்பையோடு வந்தாள். பிரேயரில் கை தட்டினோம். மறுநாளே இயற்பியல் யூனிட் டெஸ்ட். ஐம்பதுக்கு ஒன்பது. "கபடியா படிப்பா, ஒண்ணை முடிவு பண்ணிக்கோ" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லப்பட்டது. யார் சொன்னது என்பது இங்கே முக்கியமில்லை, அப்போது எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அவளுக்காகப் பேச ஆள் இல்லை. பி.இ.டி. சாருக்கு அவள் மார்க் தெரியாது, ஏன்னா மார்க் மீட்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இயற்பியல் சாருக்கு அவள் அந்தப் பதினோரு நாள் எங்கே இருந்தாள் என்று தெரியாது, ஏன்னா அட்டெண்டன்ஸில் 'ஓ.டி.' என்று ரெண்டு எழுத்துதான் இருக்கும். நடுவில் ஒரு டிசிக்கோ இல்லை.

இதை என் பெஞ்சுத் தோழியிடம் சொன்னேன். "அடிப் போடி, அங்கே காலேஜுக்குக் கால்பந்துல கோடி கோடியா வருது, தனி ஆளெல்லாம் போடுவாங்க. இங்கே சாக்பீஸே எண்ணித்தான் வருது" என்றாள். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். டிசிக்கோ செய்ததில் பணம் தேவைப்பட்டது எவ்வளவு, அக்கறை தேவைப்பட்டது எவ்வளவு? டியூஷன் சொல்ல ஆள் வைக்கப் பணம் வேணும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "யார் எத்தனை நாள் வரலை, எந்தப் பாடம் விட்டுப்போச்சு" என்று ஒரு நோட்டில் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பி.இ.டி. சாரை மார்க் மீட்டிங்கில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்க நாற்காலி ஏற்கெனவே இருக்கு. போட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு வாரம் தள்ளி டெஸ்ட் வைக்கலாம். பாடம் எடுக்கிற ஆசிரியர்களிலேயே கல்லூரியில் விளையாடியவர்கள் இருக்கிறார்கள் (நம்ம வேதியியல் மிஸ் த்ரோபால் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?). அவர்களில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு கிடைச்சிடுமே, அவளுக்கென்ன என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. கோட்டாவுக்கும் முதலில் பிளஸ் டூ பாஸ் ஆகணும் தெரியுமா? ஐம்பதுக்கு ஒன்பது வாங்கினால் கோப்பையைக் காட்டிப் பாஸ் போட மாட்டார்கள்.

ஆசிரியர்களையே சொல்லிக்கொண்டிருந்தால் நல்லா இருக்காது. என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் என்னிடம்தான் வந்து இயற்பியல் நோட்டைக் கேட்டாள். "வீட்ல வெச்சிட்டு வந்துட்டேன்டி" என்றேன். நோட்டு பையில்தான் இருந்தது. எனக்கும் மறுநாள் டெஸ்ட், நானும் படிக்கணும், அதோடு அவள் பழைய பத்தாம் வகுப்பில் என்னைவிட ரெண்டு மார்க் அதிகம். அந்த ரெண்டு மார்க் மனசில் இருந்தது. வேறென்ன சொல்ல.

27 ஆட்டக் கணக்கைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன். முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு வாங்கிப் புரட்டிவிட்டு, "மின்னியல்ல கடைசி ரெண்டு டெரிவேஷன் எங்கேடி?" என்று கேட்டாள்.

அதை நானே இன்னும் எழுதவில்லை. யாரிடமாவது இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் கொடுங்கள், ப்ளீஸ். பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு, ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்சு.