கொடுத்த காசுக்குக் குடி

போன மாதம் ஒரு ராத்திரி சித்தப்பா மகன் போன் பண்ணினான். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. தை மாதம் கல்யாணம். அதற்குள் கூட்டாளிகளோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இரண்டு ராத்திரி கடலில் கூத்தடித்துவிட்டு வரத் திட்டம்.

“ண்ணா, ஒரு டவுட்டு. கப்பல்ல டிரிங்க்ஸ் பேக்கேஜ்னு ஒண்ணு கீதாம். ஒரு தபா கட்டிட்டா எவ்ளோ வேணா குடிக்கலாமாம். கட்டிடலாமா, இல்ல அப்பப்ப காசு குடுத்துக்கலாமா? நீ போய்ட்டு வந்தவன்தானே, சொல்லு.”

நாளைக்குச் சொல்றேன்டா என்று வைத்துவிட்டேன். கேள்வி சாதாரணக் கேள்விதான். கேட்டவன் யார் மகன் என்பதுதான் தூங்கவிடவில்லை.

எங்கள் ஊர் காவாந்தண்டலம், உத்திரமேரூர்ப் பக்கம். ஏரி, நெல், செய்யாறு என்று போகும் ஊர். சித்தப்பா கூலி வேலைக்காரர். சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும் ஒரு குவார்ட்டர். நூற்றியெண்பது மில்லி. கையில் காசு இருந்தால் இன்னொன்று. இல்லாவிட்டால் கடன். கடைசியில் வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, ஐம்பதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் குடிகாரன். அவர் மகன் இன்று செய்யப்போவதற்குப் பெயர் பேக்கேஜ்.

சரி, முதலில் கணக்கைப் பேசுவோம்.

பேக்கேஜை ஒரு நாளுக்கு இவ்வளவு என்று விற்பார்கள். ஆனால் ஒரு நாளுக்கு மட்டும் வாங்க முடியாது. பெரும்பாலும் பயணம் முழுதுக்கும் சேர்த்துத்தான். இரண்டு ராத்திரிப் பயணத்தில் முதல் நாள் பாதி, வரிசையிலும் பெட்டி சோதனையிலும் போகும். கடைசி நாள் விடிந்ததும் இறங்கச் சொல்வார்கள். நடுவில் மிஞ்சுவது ஒரு முழு நாள். வாந்தியும் தூக்கமும் அதற்குள்ளேதான்.

ஒரு பேச்சுக்கு, பேக்கேஜ் நாளுக்கு 3,000 ரூபாய், ஒரு கிளாஸ் 600 ரூபாய் என்று வையுங்கள். ஐந்தாவது கிளாஸில்தான் போட்ட காசு திரும்புகிறது. ஆறாவதில்தான் ‘லாபம்’. வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்தால் அதுவும் தள்ளிப்போகும். நம் கல்லீரலோ மணிக்கு ஏறக்குறைய ஒரு கிளாஸ் சாராயத்தைத்தான் கரைக்கும். பேக்கேஜ் வாங்கியிருக்கிறான் பாவம் என்று அது வேகம் கூட்டாது.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் கார்னிவல் கம்பெனி தன் பேக்கேஜுக்கு ‘சியர்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அதில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம்தான். அதற்கு மேல் காசு கொடுத்தாலும் கிடையாது. ராயல் கரீபியனில் ஒரு கிளாஸுக்கு விலை வரம்பு உண்டு; தாண்டினால் மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும். ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது இரண்டு கம்பெனிக்கும் பொதுவான விதி. இல்லாவிட்டால் ஒருத்தன் கட்டிய காசில் நாலு பேர் குடித்துவிடுவான் இல்லையா? அவர்கள் நம்மைவிட நம்மை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். குறைவாகக் குடிப்பவன் கட்டும் காசுதான் அதிகம் குடிப்பவனின் கிளாஸை நிரப்புகிறது. கம்பெனி எப்போதும் கரையில் நிற்கிறது.

நம் ஊர்க் கப்பல்களில் விதி பயணத்துக்குப் பயணம் மாறும். ஆகவே கேட்க வேண்டியதைக் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். எந்தெந்தச் சரக்கு உள்ளே, எது வெளியே? ஒரு தடவைக்கு எத்தனை கிளாஸ்? பார் எத்தனை மணிக்குத் திறக்கும்? குடிக்காத நாளுக்குக் காசு திரும்புமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும். திரும்பாது.

இதெல்லாம் பணக் கணக்கு. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு கணக்கு.

சில வருஷம் முன்னால் நானும் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம். பேக்கேஜ் எடுத்தேன். மூன்றாவது கிளாஸோடு எனக்குப் போதும் என்று இருந்தது. உடம்பு தெளிவாகச் சொல்லிற்று. ஆனால் மண்டைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்துகொண்டான். “இன்னும் ரெண்டு அடிச்சாத்தான் காசு தேறும்” என்றான். குடித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, பசிக்கும் முன்னே, பார் வாசலில் நின்றேன். ஆசை இல்லை, சந்தோஷம் இல்லை. கொடுத்த காசுக்காகக் குடித்தேன். அன்று கடலில் சூரியன் எப்படி உதித்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் சித்தப்பா நினைவுக்கு வந்தார். அவருடைய குவார்ட்டருக்கு ஓர் அடி இருந்தது. பாட்டிலைக் கவிழ்த்தால் தீர்ந்தது என்று தெரியும். அவரைப் புனிதராக்கவில்லை, அந்தக் குவார்ட்டர்தான் அவரைக் கொன்றது. ஆனால் அவர் ஒரு நாளும் லாபத்துக்காகக் குடித்ததில்லை. அதைச் செய்தவன் படித்த நான்.

இங்கே இரண்டு தரப்பு என்மேல் பாயும்.

முதல் தரப்பு கலாச்சாரக் காவலர்கள். 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். அதே மாதம் அது புதுச்சேரிக் கடலுக்கு வந்தபோது அனுமதி கிடைக்கவில்லை. கேசினோ, மது, கலாச்சாரச் சீரழிவு என்று எதிர்ப்பு. கப்பல் கரைக்கு வராமலே திரும்பியது. நான் கேட்பது இதுதான்: வார இறுதியில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டெல்லாம் எதற்காகப் புதுச்சேரிக்கு வரிசை கட்டுகிறது? அரவிந்தர் ஆசிரமத்தில் தியானம் செய்யவா? தெருவுக்குத் தெரு ஒயின்ஷாப் வைத்துக்கொண்டு கடலில் வருகிற பாருக்கு மட்டும் கலாச்சாரம் பேசுவது என்ன நியாயம்? எனக்கு அவர்களோடு கூட்டு இல்லை.

இரண்டாவது தரப்பு என் நண்பர்கள். “அவனவன் காசு, அவனவன் உடம்பு, உனக்கென்ன?” என்பார்கள். சரிதான், குடிப்பது உங்கள் உரிமை. நான் பறிக்க வரவில்லை. ஆனால் போதும் என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதுதானே? அதைத்தானே பேக்கேஜ் முன்பணமாக வாங்கிக்கொள்கிறது? கிளாஸ் கிளாஸாகக் காசு கொடுப்பவன் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி யோசிக்கிறான். அந்த ஒரு நொடியை வாங்குவதற்குத்தான் தள்ளுபடி தருகிறார்கள்.

அரசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மதுவை விற்பதே அரசின் டாஸ்மாக்தான். 2023-24-இல் அதன் வழியே வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மது உடல்நலத்துக்குக் கேடு என்று பாட்டிலில் அச்சடித்தும் விற்கிறோம். அதே நாட்டில் 2023 மே மாதம் எங்களுக்குப் பக்கத்து மதுராந்தகம் வட்டாரத்திலும் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துக் கூலிக்காரர்கள் கொத்தாகச் செத்தார்கள். அப்போது ‘ஏன் குடிச்சாங்க?’ என்று கேட்டோம். கப்பலில் பதினைந்து கிளாஸ் அடிப்பவனிடம் அதைக் கேட்பதில்லை. போட்டோவுக்கு லைக் போடுகிறோம். குடி ஒன்றுதான். தரையில் விழுந்தால் அவமானம், தளத்தில் விழுந்தால் சுற்றுலா.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. குடவோலை முறை. மகாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவன் பெயர் குடத்தில் விழக்கூடாது என்கிறது அது. சாத்திரக் கணக்கில் அந்த நான்கில் ஒன்று மது அருந்துதல். அது பிராமண சபையின் விதி. இன்று அதைத் தூக்கிப்பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எவ்வளவு விலையில், எங்கே வைத்துக் குடித்தான் என்று அந்தக் கல் கேட்கவில்லை. நாம் அதை மட்டும்தான் கேட்கிறோம்.

மறுநாள் தம்பிக்குப் போன் பண்ணினேன். கப்பலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை.

“டேய், பேக்கேஜ் வேணாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் காசு குடு. குடுக்கும்போது கையில கொஞ்சம் வலிக்கணும்.”

“அது நஷ்டமாச்சேண்ணா?”

“நஷ்டம்தான். உங்கப்பாவுக்கும் எதிர்ல ஒருத்தன் லாபம் பார்த்துக்கினுதான் இருந்தான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “ண்ணா, காலைல கடல்ல சூரியன் வர்றத பாக்கணும்னா எத்தினி மணிக்கு எழுந்துக்கணும்?”

எனக்குத் தெரியாது என்றேன். பார்த்துவிட்டு வந்து சொல்லு என்றேன்.