தொகுபயன் தடை மறைக்கும் வெப்பம்

மின்சுற்றுப் பாடம் பெரும்பாலான வகுப்பறைகளில் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் படிப்படியாகச் சுருக்கி, தொகுபயன் தடையைக் கண்டறிந்து அடிக்கோடிட்டதும் மாணவர் அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறார். வெப்பம் எந்த உறுப்பில் தோன்றுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

எளிய சுற்று ஒன்றைக் கொள்வோம். பக்க இணைப்பில் 6 ஓம், 3 ஓம் மின்தடையங்கள்; அவற்றோடு தொடரிணைப்பில் 2 ஓம். தொகுபயன் தடை 4 ஓம். 12 வோல்ட் அளித்தால் 3 ஆம்பியர் பாயும். மொத்தத் திறன் 36 வாட். இதுவரை பிழையில்லை. ஆயினும் அந்த 36 வாட்டில் 2 ஓம் மின்தடையம் 18 வாட்டையும், 3 ஓம் 12 வாட்டையும், 6 ஓம் 6 வாட்டையும் வெப்பமாக்குகின்றன. மூன்றும் 10 வாட் மட்டுமே தாங்குபவை எனில், இரண்டு கருகிவிடும். தடை மிகுந்தால் வெப்பமும் மிகும் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே இடறுவார்.

தெவினின் 1883இல் வெளியிட்ட தேற்றத்தில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. 12 வோல்ட் மின்கலத்துடன் இரண்டு 6 ஓம் மின்தடையங்களைத் தொடரிணைத்து, அவற்றுள் ஒன்றின் இரு முனைகளை வெளியீடாகக் கொண்டால், சமானச் சுற்று 6 வோல்ட், 3 ஓம். வெளியே சுமை இல்லாதபோது சமானச் சுற்றில் வெப்பம் சுழி. உண்மைச் சுற்றிலோ 12 வாட். வெளிமுனைகளின் நடத்தைக்கு மட்டுமே சமானம் பொருந்தும். உள்ளே எரிவதற்கு அது சான்றாகாது.

இவ்வேறுபாடு தேர்வுத்தாளோடு முடிவதில்லை. புணே அருகிலுள்ள சாகணில் பஜாஜின் சேத்தக் மின்ஸ்கூட்டர், 2022இல் மெர்சிடிஸ் பென்ஸின் இக்யூஎஸ், பின்னர் மகிந்திராவின் மின்கார்கள் என மின்வாகன உற்பத்தி வேரூன்றியுள்ளது. அத்தகைய வாகனமொன்றின் மின்கலத் தொகுப்பில் 200 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். 0.1 மில்லி ஓம் தடையுள்ள நல்ல இணைப்பு 4 வாட் வெப்பம் தரும். திருகு தளர்ந்து தடை 1 மில்லி ஓம் ஆனால் அதே இடத்தில் 40 வாட். தொகுப்பின் மொத்தத் தடை 100 மில்லி ஓம் எனில் இவ்வுயர்வு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தொகுபயன் எண்ணில் அது கண்ணுக்கே படாது, இணைப்போ கொதிக்கும்.

சுருக்கும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. மின்னோட்டத்தைக் கண்டறிய அதுவே நேர்வழி. சுருக்கிய பாதையில் மாணவர் திரும்பி நடக்கவும் வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் திறனையும் எழுதி, கூட்டுத்தொகை மின்மூலம் தரும் திறனுக்கு ஈடாகிறதா எனச் சரிபார்த்த பின்னரே முழு மதிப்பெண் என வினாத்தாள் கோரலாம். அதற்குப் புதிய ஆய்வகமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. விடைத்தாளில் நான்கு வரிகள் கூடும். பொறியாளராகப் போகிறவர் எந்த இணைப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று அறிந்திருப்பார்.