கடலுக்கு உரம் போடும் காற்று!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இருப்பவர்களுக்குக் கடல் கண்ணில் படாது. புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகவே சாலை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். ஆனால், ஜூன், ஜூலையில் மலையடிவாரத்தில் மேற்கே இருந்து ஒரு காற்று வீசுமே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. தன்னிடம் இருந்த மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு நம்மிடம் வருகிறது. அதற்கும் முன்பு அரபிக் கடலில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. மத்தி மீன் மலிவாகக் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த வேலையைப் பொறுத்தது!

மத்தியைக் கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்பார்கள். ஏழைகளுக்கும் எட்டும் விலையில் கிடைக்கும் சத்தான மீன். கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் எவ்வளவு தெரியுமா? வெறும் 3,297 டன்! கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு இது. அடுத்த ஆண்டே மறுபடியும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

அதைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளர் சூடான பால் போதும். ஆடை படிந்ததும் ஒரு பக்கமாக மெதுவாக ஊதுங்கள். ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அந்த இடத்துக்கு அடியில் இருந்த பால் மேலே வரும். கடலிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஆனால், ஒரு சின்ன வித்தியாசம். பூமி சுழல்வதால், நம்முடைய வட பாதியில் காற்று தள்ளும் கடல்நீர், காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போகும். பருவக்காற்று கேரளக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. நீங்களும் தெற்கு பார்த்து நின்று வலது கையை நீட்டிப் பாருங்கள். மேற்கு, அதாவது நடுக்கடல்! மேல்நீர் கரையை விட்டு அங்கே ஒதுங்க, ஆழத்தில் இருந்து குளிர்ந்த நீர் கரையோரமாக மேலே ஏறி வருகிறது. கன்னியாகுமரிப் பக்கம் முதலில் தொடங்கி, மெல்ல மெல்ல வடக்கே பரவும்.

அந்தக் குளிர்ந்த நீரில் என்ன விசேஷம்? கடலில் செத்தது, கழிந்தது எல்லாம் அடியில் போய் மட்கி நைட்ரேட், பாஸ்பேட் என்று உரமாகின்றன. வயலில் போடும் உரத்தில் இருப்பவைதான்! ஆழத்தில் உரம் உண்டு, வெளிச்சம் இல்லை. மேலே வெளிச்சம் உண்டு, உரம் இல்லை. நீலநீலமாக அழகாகத் தெரியும் வெப்பமண்டலக் கடல் பெரும்பாலும் சத்துக் குறைந்த கடல்தான். காற்று இரண்டையும் சேர்த்துவைத்ததும், கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவைகள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. தண்ணீரே பச்சையாகிவிடும். மத்தி வாயைத் திறந்தபடி நீந்தி, செவுளில் உள்ள சீப்பு போன்ற முட்களால் அவற்றை வடிகட்டித் தின்னும். அது முட்டையிடுவதும் இந்த மழைக்காலத்தில்தான். குஞ்சுகள் வெளிவரும் நேரத்தில் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். காற்று முன்னே பின்னே வந்தால்? குஞ்சுகளுக்குப் பட்டினிதான்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. கடல் சூடாகிவருகிறது. சூடான நீர் லேசானது. மூடி போட்டதுபோல மேலேயே கிடந்து, அடிநீரை ஏறவிடாது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் தாவர மிதவைகள் 60 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறைந்துவிட்டதாக, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2016-ல் எழுதினார்கள்.

அப்படியானால் பச்சை எவ்வளவு பெருகினாலும் நல்லதுதானே என்று கேட்காதீர்கள்! 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடா பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியதுதான் காரணம். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் செத்து ஒதுங்கின. பவளப் பாறைகளும் பாதிக்கப்பட்டன. இதே நாக்டிலூகா இரவில் நீலமாக ஒளிரும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் மின்னியபோது பார்க்க எத்தனை கூட்டம்!

இந்த நிறமாற்றத்தை விண்ணில் இருந்தே பார்க்கலாம். 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் கடலின் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று மீனவர்களுக்குச் சொல்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மீன் கூடும் இடம் தெரிந்தால், குஞ்சுகளையும் சேர்த்து அள்ளிவிடலாமே! மத்தி குறைந்ததற்குக் காற்றும் சூடும் மட்டும் காரணம் இல்லை. வளராத மீன்களைப் பிடித்ததும் ஒரு காரணம். அதனால்தான் கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைவான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று விதி. உங்கள் ஜியாமெட்ரி பாக்சில் இருக்கும் ஸ்கேல் 15 செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளம்கூட இல்லாத மத்தி, இன்னும் குஞ்சுதான்!