லெஃப்ட் எப்பவும் ஃப்ரீயா?



சிக்னலில் சிவப்பு விளக்கு. அப்பா பைக்கை நிறுத்திவிட்டார். பின்னாலிருந்து 'பாம்... பாம்' என்று ஹாரன். "லெஃப்ட் ஃப்ரீதானே, போங்க சார்!" என்று ஒரு குரல். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். அந்தக் குரல் சொன்னது சரியா?

நாம் சாலையின் இடப்பக்கமாக வண்டி ஓட்டுகிறோம். இடதுபுறம் திரும்புபவர், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. அதனால் சில சந்திப்புகளில் சிவப்பு எரியும்போதும் இடப்பக்கம் திரும்பலாம். அதற்கு அங்கே பச்சை அம்பு எரிய வேண்டும். அல்லது அனுமதிப் பலகை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையா? சிவப்பு என்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

பலரும் செய்யும் இன்னொரு தப்பு உண்டு. 'ஃப்ரீ' என்றால் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். பார்க்காமல் பாய்ந்து போகலாம் என்று அர்த்தமில்லை! ஜீப்ரா கோட்டில் நடப்பவருக்கே முதல் வழி.

போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி, ஒசூர் பக்கத்துக் குழந்தைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு நீளமான கண்டெய்னர் லாரிகள் வந்து போகின்றன. ஓட்டுநர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று பல மொழி பேசுபவர்கள். அம்புக்குறிக்கு மொழி வேண்டாம். ஆனால், அதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஓட்டுநராலும் சிலவற்றைப் பார்க்க முடியாது. அவர் உட்காருவது வலப்பக்கம். லாரியின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் சின்ன சைக்கிள் அவர் கண்ணில் படாமல் போகலாம். திரும்பும்போது பின்சக்கரங்கள், முன்சக்கரம் போன வழியில் போகாமல் ஓரத்தை ஒட்டி உள்ளே வரும்!

லண்டனிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அங்கே 2021 முதல், ஓட்டுநருக்குச் சுற்றுப்புறம் சரியாகத் தெரியாத பெரிய லாரிகளுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் கட்டாயம். 'இடப்பக்கம் திரும்புகிறேன்' என்று சத்தமாக எச்சரிக்கும் கருவியும் அவற்றில் ஒன்று.

எனவே குட்டீஸ், லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிளை நுழைக்காதீர்கள். சாலை முனையில் விளிம்பில் நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள். நடப்பவருக்கான பச்சை எரிந்தாலும், இடப்பக்கம் திரும்பும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டே காலை எடுத்து வையுங்கள்.

இன்று வீட்டில் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் "லெஃப்ட் எப்பவும் ஃப்ரீயா?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்று சொன்னால், நீங்கள்தான் அவருக்கு டீச்சர்!

அன்புடன்,
ஆசிரியர்