எதிரே யாரும் இல்லை

செப்டம்பர் 18, சிலி நாட்டின் சுதந்திர விழா. அன்று திரும்பிய பக்கமெல்லாம் ‘குவேக்கா’தான். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, கைக்குட்டையைச் சுழற்றியபடி ஆடும் ஜோடி நடனம் அது. தொட்டுக்கொள்ள மாட்டார்கள். அவன் நெருங்குவான், அவள் நழுவுவாள். சுற்றி நிற்பவர்கள் கைதட்டித் தாளம் போடுவார்கள்.

1978 மார்ச் 8, மகளிர் தினம். தலைநகர் சாண்டியாகோவில், காவ்போலிகான் அரங்க மேடையில் கையில் கைக்குட்டையோடு ஒரு பெண் வந்து நின்றார். பாட்டு தொடங்கியது. ஜோடி வரவில்லை. அவர் தனியாகவே ஆடினார்.

காரணம் கூட்டத்துக்குத் தெரியும். 1973 செப்டம்பர் 11 அன்று அலெண்டே அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது பினோசேயின் ராணுவம். அதன்பிறகு, ‘விசாரிக்க வேண்டும்’ என்று அழைத்துப் போனவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்பவில்லை. உடலையும் கொடுக்கவில்லை. கேட்டால், ‘அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லை’ என்ற பதில்தான்.

அவர்களைத் தேடியலைந்த மனைவிகள், அம்மாக்கள், சகோதரிகள் சேர்ந்து அமைத்த சங்கத்தின் நடனம்தான் அது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, நெஞ்சில் குத்திய புகைப்படம். ஆட்டத்தில் ஒரு அடியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஜோடி இருந்தால் எந்தப் பக்கம் திரும்புவார்களோ, அங்கேதான் திரும்புகிறார்கள். அவன் நிற்கவேண்டிய இடத்தை மட்டும் காலியாகவே விடுகிறார்கள். கோஷம் போட்டிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தது பினோசே அரசு! தேசிய நடனம் ஆடியதற்காக எந்தச் சட்டத்தில் கைது செய்வது? அதற்காகக் கெடுபிடி குறைந்துவிடவில்லை. தெருவில் இறங்கிப் போராடியபோது இதே பெண்கள் கைதானார்கள்.

1988-ல், பினோசே ஆட்சியில் தொடரலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு. ‘வேண்டாம்’ தரப்புக்கு டி.வி-யில் தினமும் 15 நிமிடம் கிடைத்தது. அதிலும் இந்த நடனம் வந்தது. பலரும் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து அதை முதன்முறையாகப் பார்த்தார்கள். அக்டோபர் 5 அன்று சுமார் 55 சதவிகிதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

1990-ல் பினோசே பதவியிலிருந்து இறங்கினார். அதே ஆண்டு, சாண்டியாகோ தேசிய ஸ்டேடியத்தில் இங்கிலாந்துப் பாடகர் ஸ்டிங் பாட, இந்தப் பெண்கள் படங்களோடு மேடையேறினார்கள். 1973-ல் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துவைத்து வதைத்த ஸ்டேடியம் அது.

காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று சிலி அரசு தேசியத் திட்டம் அறிவித்தது 2023-ல்தான். அப்போதைய கணக்கில் 1,469 பேர். அடையாளம் தெரிந்தது 307 பேருக்கு மட்டும். குவேக்காவைத் தனியாக ஆடுவது இன்னும் நிற்கவில்லை. படத்தில் சிரிக்கும் இளைஞனுக்கு அதே இருபத்துச் சொச்சம் வயதுதான். ஆடுகிறவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.