மின்னஞ்சலின் மெய்ம்மை

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு விடுத்த மடல்கள் இரண்டு. வசந்தமாலை கொண்டு சென்ற முதல் மடலைக் கோவலன் ஏற்க மறுத்தான். கோசிகன் வழியே வந்த இரண்டாம் ஓலையின் மண் இலச்சினையில் கமழ்ந்த கூந்தல் நெய்யின் மணமோ, அது மாதவியுடையதே என அவனுக்கு உணர்த்தியது. மடல் விடுத்தல் ஒன்று. அது சென்று சேர்தல் மற்றொன்று. விடுத்தவர் இன்னார் எனத் தெளிதல் பிறிதொன்று. மின்னஞ்சலைக் கையாளும் நாம் இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகிறோம்.

"விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்" என்கிறான் மாணவன். "எங்களுக்கு வரவில்லை" என்கிறது அலுவலகம். இருவருமே உண்மை பேசக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அனுப்புநரின் சர்வர் பெறுநரின் சர்வரிடம் அஞ்சலை ஒப்படைக்கிறது. அது தற்காலிகமாக ஏற்க இயலாத நிலையில் இருந்தால், நான்கைந்து நாள்களேனும் மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது நெறி. அதன் பின்னரே 'சேரவில்லை' என்னும் அறிவிப்பு அனுப்புநருக்குத் திரும்பும். முகவரியில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அஞ்சல் முன்பின் அறியாத ஒருவரிடம் போய்ச் சேரலாம். சரியாகச் சேர்ந்ததும் ஸ்பாம் என்னும் குப்பைக் கூடையில் யாரும் காணாது கிடக்கலாம். 'அனுப்பியவை' என்னும் பெட்டியில் இருப்பது அனுப்புநர் வைத்துக்கொண்ட படியே; சேர்ந்ததற்கு அது சான்றாகாது.

போலி அஞ்சலும் எளிதே. 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையில் அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அஞ்சல் உறையின் மேல் எவரும் எவர் பெயரையும் அனுப்புநராக எழுதலாம் அன்றோ! அதுபோன்றதே இதுவும். 2013 முதல் 2015 வரை லித்துவேனியா நாட்டவர் ஒருவர், தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரில் மின்னஞ்சல்களும் பொய்ப் பட்டியல்களும் அனுப்பி, கூகுள், பேஸ்புக் ஆகிய இரு நிறுவனங்களிடமிருந்து 10 கோடி டாலருக்கும் மேல் கவர்ந்தார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தது. கணிப்பொறியே தொழிலாகக் கொண்டோரே ஏமாந்தனர் எனில் ஏனையோர் நிலை என்னாம்?

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் காப்பு முறைகள் பின்னர் வந்தன. பெருந்தொகையாக அஞ்சல் அனுப்புவோர் இவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் வலியுறுத்தி வருகின்றன. ஆயினும் இவை அஞ்சல் எந்த நிறுவன முகவரியினின்று புறப்பட்டது என்பதற்கே சான்று கூறும். எழுதிய கை எவருடையது எனக் கூறா. கடவுச்சொல்லைத் திருடியவன் அனுப்பும் அஞ்சலும் இச்சோதனைகளில் தேறிவிடும்.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே பேசுகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அனுப்பிய நேரத்தையும் பெற்ற நேரத்தையும் தனித்தனியே வரையறுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமோ, மின்செய்தியை அனுப்பியவர் யார் என்பது பற்றி நீதிமன்றம் எந்த அனுமானமும் கொள்ளலாகாது என்கிறது. பழைய சாட்சியச் சட்டமும் இதனையே கூறிற்று.

நீதிமன்றமே இத்துணை விழிப்போடு இருக்க, ஓர் அலுவலக மேசை மட்டும் 'வரவில்லை' என்ற ஒரு சொல்லால் ஒரு மாணவனின் ஓராண்டைப் பறித்தல் முறையோ? பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டை இணைத்த மரபு நம்முடையது. மின்னஞ்சலில் விண்ணப்பம் கேட்கும் நிறுவனம், பெற்றவுடன் எண்ணிட்ட ஒப்புகை அனுப்புதல் வேண்டும். முகவரியைத் தந்து அழைத்தவர் எவரோ, பெற்றதைச் சொல்லும் கடமையும் அவருக்கே உரியது என்பது நம் கருத்து.

மாணவர்க்கும் கடமை உண்டு. இறுதி நாள்வரை காத்திராமல் அனுப்புக. ஒப்புகை வராவிடின் தொலைபேசியிலோ நேரிலோ கேட்டறிக. எவரும் புனையக்கூடிய ஸ்கிரீன் ஷாட்டை நம்பாது, மூல அஞ்சலை அழிக்காமல் காத்திடுக. முதல்வர் பெயரிலோ துறைத்தலைவர் பெயரிலோ பணம் கேட்டு அஞ்சல் வந்தால், அவர் குரலைக் கேட்டுத் தெளிந்த பின்னரே செயற்படுக.

'கிடைத்தது' என ஒரு சொல் எழுத ஒரு நொடி போதும். அச்சொல் எழுதப்படாமையால் ஓர் இளைஞனின் எதிர்காலம் தடைப்படுமாயின், அப்பழி கணிப்பொறியைச் சாராது, நம்மையே சாரும்.